நாலு பேர் ஒட்டிய நோட்டீஸ்

பழுப்புக் காகிதத்தில் கையால் எழுதி, சோற்றுப் பசை தடவி, அம்பாசமுத்திரம் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சீமைத்துணி விற்பவர்களின் கடைகளைக் கொளுத்துவோம் என்ற அந்த மிரட்டலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. துணிக்கடை அண்ணாச்சியின் பெயர். போலீசுக்கு உளவு சொல்கிறவர் என்று. எழுதியவர்கள் மொத்தம் நாலு பேர். ரகசியச் சங்கம் என்று சொல்லிக்கொண்டாலும் ஊரில் அவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு மழை பெய்திருந்தால் காகிதம் கரைந்து போயிருக்கும்.

நான் அப்போது திருநெல்வேலி வாரப் பத்திரிகை ஒன்றின் உள்ளூர் நிருபர். நோட்டீஸை வரிக்கு வரி நகலெடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் படித்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனை பேர்வே?"

"நாலு பேர்தான் ஐயா."

"அப்போ நாலு பேர்னு எழுதும். உளவுன்னு சொல்லுதானுவளே, விசாரிச்சீரா? அவனுவ மிரட்டலை அப்படியே அச்சுல போட்டா, நாமளே பசை தடவிக் குடுத்த மாதிரிதான்."

எனக்குக் கோபம். அதே நகலைச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். நாலு பேரைப் 'பலர்' ஆக்கினேன். அண்ணாச்சி பெயரோடு முழு நோட்டீஸும் முதல் பக்கத்தில் வந்தது. ரயிலடியில் ஒருவர் அதை உரக்கப் படிக்க, ஒரு கூட்டமே நின்று கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரமே நாலு பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் சிறையில் இருக்கும்போதுதான் அண்ணாச்சியின் கடை எரிந்தது. கொளுத்தியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பத்திரிகையைப் படித்தவராக இருக்கலாம், படிக்கக் கேட்டவராக இருக்கலாம்.

செய்தி அனுப்பியவன் நான் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. படித்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உளவாளி இல்லைன்னு ஒரு வரி போடச் சொல்லும்வே. பொம்பளப் பிள்ளையக் கட்டிக் குடுக்கணும். ஊர்ல ஒருத்தரும் முகங்குடுத்துப் பேச மாட்டேங்காவ."

சென்னைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். பழைய சங்கதி, இடமில்லை என்று பதில் வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வரும் அண்ணாச்சி" என்றேன்.

அவருக்குச் சரளமாகப் படிக்க வராது. பத்திரிகை வரும் நாளெல்லாம் என் வாசலில் வந்து நின்றார். "பைய பாத்துச் சொல்லும்வே, அவசரமில்ல." நான் பக்கங்களைப் புரட்டித் தேடுவதுபோல் நடித்தேன். சில வாரங்களில் வருவது நின்றது. குடும்பத்தோடு முக்கூடல் பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

இப்போது பத்திரிகைக்கு எழுதும் இளைஞர்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். மிரட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், அவர்கள் ஒருவரைப் பற்றிச் சொல்வது உண்மையா என்று விசாரியுங்கள், அவர்கள் வாசகத்தை அவர்களுக்காகச் சுமக்காதீர்கள் என்கிறேன். மரியாதையோடு கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணாச்சி ஊரைவிட்டுப் போனார் என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி என்பதை மட்டும் அவர்களிடம் இன்னும் சொன்னதில்லை.