தர்ப்பையை அவிழ்த்தவள்

தாம்பாளம் என் முன்னால் வந்து நின்றது. குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ, வாழைப்பழம் எல்லாம் அதில் இருந்தன. ஏந்தி வந்தவள் என் கழுத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், பிறகு தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் கண்ணாலேயே ஏதோ சொன்னாள். இவள் ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்தவளிடம் போய்விட்டாள்.

மேலகரத்தில் எங்கள் தெருவில் நடந்த வளைகாப்பு அது. என் கணவர் மலேயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குமாஸ்தா. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றிலிருந்து கடிதம் இல்லை, தந்தி இல்லை, அங்கிருந்து தப்பி வந்து சேதி சொல்ல ஓர் ஆளும் இல்லை. உயிரோடு இருந்தால் நான் சுமங்கலி. எனக்குக் குங்குமம் கொடுக்காமல் அனுப்பினால் பாவம். இல்லையென்றால் நான் விதவை. கொடுத்தால் அபசகுனம். இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க ஊரார் கண்டுபிடித்த வழிதான் அந்த வாழைப்பழம். நான் அதை அங்கேயே உரித்துத் தின்றேன். தோலைக் கொண்டுபோய் அந்தத் தாம்பாளத்திலேயே வைத்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, குழந்தை கிடையாது, வாய் மட்டும் உண்டு.

வெள்ளிக்கிழமைதோறும் தென்காசிப் பெரிய கோயிலுக்குப் போய்வர எனக்கு அனுமதி இருந்தது. சாமி கும்பிட்டதும் நேராகத் தபாலாபீசுக்குப் போய்விடுவேன். ஜன்னலில் இருந்தவர் என் தலையைக் கண்டதுமே கையை விரித்துவிடுவார். அந்தப் படியில் என்னைப் போலவே இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி குத்துக்கல்வலசைக்காரி. வயலில் நடவு நடுகிறவள். புருஷன் மலேயாவுக்குத் தோட்டக் கூலியாகப் போனவன். இன்னொருவர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவருடைய கணவர் பட்டாளத்தோடு போய் சிங்கப்பூரில் பிடிபட்டவர். பல வாரம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. வளைகாப்பு நடந்த அந்த வாரம் எனக்குத் தாங்கவில்லை. யார் என்னவென்று பாராமல் அந்தப் படியில் உட்கார்ந்து பொரிந்து தள்ளிவிட்டேன்.

குத்துக்கல்வலசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்களுக்காவது பழம் குடுத்தாவ. எங்க தெருவுல நான் எதுக்க வந்தா, வெளிய கெளம்பினவ திரும்ப வீட்டுக்குள்ள போயி தண்ணி குடிச்சிட்டு வாரா” என்றாள்.

பிறகு என் கையிலிருந்த கோயில் குங்குமப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, “குனிங்கம்மா” என்றாள். அந்தக் கை எங்கள் வீட்டு நடையைத் தாண்ட அனுமதியில்லாத கை. நான் குனிந்தேன். அவள் வைத்தாள். அப்புறம் நான் அவளுக்கு வைத்தேன். தபால்காரர்கள் பார்த்தார்கள், போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. டீச்சர் வேதக்காரர், குங்குமம் வைக்கமாட்டார். தூறலில் பொட்டலம் நனையாமல் தன் குடையை எங்கள் இருவருக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் இதுவே நடந்தது. டீச்சர் மூன்று ஆண்களுக்காகவும் ஜெபம் செய்வார். பெயர் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டுமாம். நாங்களோ புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர்கள். குத்துக்கல்வலசைக்காரி, “பழனி மலையில நிக்காருல்லா, அவரு பேருதான் அவுகளுக்கு” என்பாள். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதைத் தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

டீச்சரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எழுந்து போகுமுன் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் நடந்த ஒரு நல்லதைச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். குத்துக்கல்வலசைக்காரிக்கு அது விளையாட்டு. “எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. உங்க சாமிக்கு ஒண்ணு, எங்க சாமிக்கு ஒண்ணு” என்பாள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். அரிசிக்கு வரிசையில் நின்று பாதிக் கல்லை வாங்கி வருகிற காலம். புருஷன் எந்தக் காட்டில் கிடக்கிறார் என்று தெரியாது. இதில் யாருக்கு, எதற்கு நன்றி சொல்ல? “எனக்கு ஒண்ணும் இல்லை” என்று வாரம் தவறாமல் சொன்னேன். டீச்சர் ஒருநாளும் என்னை வற்புறுத்தியதில்லை. “சரி, அடுத்த வாரம் சொல்லுங்க” என்பதோடு விட்டுவிடுவார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது.

வீட்டில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. என் கணவரின் அண்ணன் மகளுக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் ஓர் இடம் கூடி வந்தது. பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். ஆனால் ஒன்று கேட்டார்கள். பந்தல் போட்ட பிறகு மலேயாவிலிருந்து சாவுச் செய்தி வந்தால் தீட்டாகி முகூர்த்தம் நின்றுபோகுமே, உங்கள் தம்பி இருக்கிறாரா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்றார்கள். வீட்டில் ஜோசியரைக் கூப்பிட்டார்கள். அவர் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான், என் கணவர் செத்துப் போய்விட்டார்.

கணவரின் அண்ணன் என்னிடம் நேராகப் பேசமாட்டார். அந்தக் காலத்து மரியாதை அது. சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். “ஆடி அமாவாசைக்குக் குத்தாலத்துல காரியத்த முடிச்சிருவோம். நமக்கு மட்டும் ஆசையா? வளந்த பிள்ள வீட்டுல இருக்கு” என்று சுவரிடம் சொன்னார். அத்தை, என் மாமியார், அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் விருப்பமில்லை. ஆனால் பேத்தியா மகனா என்று வந்தபோது, கண்முன் இருந்த பேத்தியின் பக்கம் நின்றாள். இன்றுவரை அதற்காக அவளை நான் குறை சொன்னதில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதைத் தகனம் செய்வார்கள். பத்தாம் நாள் தாலி இறங்கும். அமாவாசையன்று காலையில் வண்டி கட்டிக் குற்றாலம் போனோம். நல்ல சாரல். அருவியில் ஒரே கூட்டம். அருவிக்குச் சற்றுக் கீழே ஆற்றங்கரையில் ஐயர் உட்கார்ந்து தர்ப்பையை அடுக்கிக் கட்டினார். தலை வந்தது, கை வந்தது, கால் வந்தது. ஒரு முழ நீளத்துக்கு என் கணவர் படுத்திருந்தார்.

“காலமான திதி?” என்று ஐயர் கேட்டார். “தெரியாது சாமி. அதான் அமாவாசையில...” என்று இழுத்தார் கணவரின் அண்ணன்.

எனக்குள் என்னவோ திறந்துகொண்டது. முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். “அத்தான், செத்த நாள் தெரியாதவரு செத்துட்டாருன்னு மட்டும் எப்படித் தெரியும்?”

அவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கணும் என்று ஒரு விதி இருப்பதாக முனகினார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் குனிந்து அந்தப் புல் உருவத்தை எடுத்தேன். கழுத்து முடிச்சை அவிழ்த்தேன், கை முடிச்சை அவிழ்த்தேன், கால் முடிச்சை அவிழ்த்தேன். வெறும் புல்லாக அதை ஆற்றில் விட்டேன். பிறகு பெண்கள் குளிக்கும் பக்கம் போய், யாரோ ஒரு புண்ணியவதி அரைத்து வைத்திருந்த மஞ்சளைக் கேட்டு வாங்கி, முகம் கழுத்தெல்லாம் பூசி, அருவிக்குள் போய் நின்றேன். தண்ணீர் தலையில் அறைந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உள்ளே அழுதேனா என்றும் தெரியாது, அருவியில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சுந்தரபாண்டியபுரத்துச் சம்பந்தம் தட்டிப் போயிற்று. அந்தப் பாவம் என் தலையில்தான். அதை நான் மறைக்கவில்லை. வேறு மாப்பிள்ளை அமைய ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பரிமாறினால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவாள். புருஷன் வீட்டுக்குப் போகும்போதும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அமாவாசைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தபாலாபீஸ் படிக்குப் போனேன். கதை அதற்குள் தென்காசிவரை பரவியிருந்தது. குத்துக்கல்வலசைக்காரி என்னைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். “ஏட்டி, நீ ஆம்பள சிங்கம்லா!” என்றாள். அதுவரை அவள் என்னை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. டீச்சர் வழக்கம்போல அந்த வாரத்தில் நடந்த நல்லதைக் கேட்டார். நான், “நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மெய் என்று எனக்கே புரிந்தது. சாமிக்கு நன்றி சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வருவதில்லை. இந்த இரண்டு பேருக்கும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். குத்துக்கல்வலசைக்காரியின் புருஷன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். டீச்சரின் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் கணவரோடு அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர் எழுதியிருந்தார். ஜப்பான்காரன் இரண்டு பேரையும் சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனானாம். அங்கே காய்ச்சலில் இவர் போய்விட்டார். தானே குழி தோண்டிப் புதைத்ததாக எழுதியிருந்தார். வருஷத்தையும் மாதத்தையும் குறிப்பிட்டிருந்தார். நான் தர்ப்பையை அவிழ்த்த அந்த வருஷம், வைகாசி. அமாவாசைக்கு இரண்டு மாதம் முன்னால்.

அத்தையும் நானும் ஒரே பாயில் விழுந்து அழுதோம். மூன்றாம் நாள் உறவினர்கள் வந்து கூடத்தில் நிறைந்தார்கள். துக்கம் கேட்டு முடிந்ததும் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். “அன்னைக்கே சொன்னமே, கேட்டாளா? மூணு வருசம் செத்தவனுக்குப் பொட்டு வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கா” என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவர்கள் சொன்னது பலித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தா சொன்னார்கள்? ஒரு கல்யாணத்துக்குத் தோதாக ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தார்கள். அது தற்செயலாக மெய்யாகிப் போனதால் நியாயமாகிவிடாது. அந்த மூன்று வருஷமும் உலகத்தில் அவருக்காகக் காத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. இதையெல்லாம் கூடத்தின் நடுவில் நின்று உரக்கவே சொன்னேன். தாலியையும் பத்தாம் நாளுக்குக் காத்திருக்காமல், யார் கையும் படாமல், நானே கழற்றி அத்தை மடியில் வைத்தேன். அவள் அதைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குத்துக்கல்வலசைக்காரி வந்து நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. நடையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நேராக என்னிடமே வந்தாள். எவரும் தடுப்பதற்குள் வந்துவிட்டாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் விரித்தாள். குங்குமம்.

“எனக்கு வச்சு விடு” என்றாள்.

கூடம் முழுக்கக் கசமுசா என்று எழுந்தது. “உனக்குப் பைத்தியமாட்டி? தாலியறுத்தவ கையால பொட்டா?” என்று ஒருத்தி கத்தினாள்.

“மூணு வருசமா இந்தக் கைதான் எனக்கு வச்சுது” என்றாள் அவள். அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. “அந்த மூணு வருசமும் இவ புருசன் உசுரோட இல்லன்னுதான சொல்லுதிய? அப்பம் வச்சதுக்குத்தான் என் ஆளு வந்து சேந்தான். இப்பம் மட்டும் இந்தக் கைக்கு என்ன வந்துச்சு?”

எடுத்தேன், அவள் குனிந்தாள், நெற்றியில் வைத்தேன். பின்னால் யாரோ சிவ சிவா என்றார்கள். இன்னொரு விரல் குங்குமம் எடுத்து, அதன் மேலேயே அழுத்தி வைத்தேன்.