பாஸ்கல் அண்ணாச்சியின் நாலாவது கைப்பிடி

உதடுகளுக்கு நடுவில் மூன்று திருகாணிகளைக் கவ்வியிருக்கும்போது பாஸ்கல் அண்ணாச்சியிடம் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. ஒரு 'ம்' என்றால் ஆமாம். இரண்டு 'ம்' என்றால் இல்லை. மூன்றாவது 'ம்' வந்துவிட்டால் நாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும், கோயிலுக்குக் கட்டிய வேட்டியை மாற்றாமல், தெருப்பக்கத்து அறையில் ஜன்னலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எதிர்வீட்டிலிருந்து பார்க்கும் எனக்கு ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளே அவருடைய வழுக்கையும் திருப்புளியும்தான் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலம் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஜன்னலுக்குக் கைப்பிடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

திருகாணி வாய்க்குள் போவது வைத்துக்கொள்ள இடமில்லாமல் அல்ல. நாக்கில் பட்டதும் அது இரும்பா, பித்தளையா, இரும்புக்குப் பித்தளை முலாமா என்று சொல்லிவிடுவார். "கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும் தம்பி. நாக்குல வச்சாத்தான் வண்டவாளம் வெளிய வரும்" என்பார். மரத்தில் இறக்கும் முன் ஒவ்வொரு திருகாணியையும் மெழுகுவர்த்தித் துண்டில் ஒரு உருட்டு உருட்டுவார். மெழுகு, கோயிலில் எரிந்து மிஞ்சியது. கோயிலில் விளக்கும் மணியும் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கியது என்று அவர் சொல்கிறார். கோயில்பிள்ளைக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை.

வேலை, ஐஸ் பாக்டரியில் பிட்டர். புதுத் துறைமுகம் திறந்து இரண்டு வருஷமாகிறது. இறால் கம்பெனிகள் பெருகிய பிறகு ஐஸுக்கு ஓய்வே இல்லை. சித்திரை வெயிலில் தார் உருகும் தெருவில், கழுத்தில் கம்பளி மப்ளரோடு ஒரு மனிதர் சைக்கிளில் வருகிறார் என்றால் அது பாஸ்கல் அண்ணாச்சிதான். பக்கத்தில் வந்தால் அம்மோனியா வாடை அடிக்கும். இருபத்தேழு வருஷமாக ஐஸுக்குள்ளேயே கிடக்கிறவர், குடிப்பது மட்டும் வெந்நீர். ஏன் இந்த வேலைக்குப் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எங்கம்மா பேரே பனிமயம். நான் ஐஸ் பாக்டரிக்குப் போகாம வேற எங்க போவேன்?" என்றார்.

நான் நூல் மில்லில் டைம்கீப்பர். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவதால் எதிர்வீட்டைக் கவனிப்பது எனக்கு இன்னொரு உத்தியோகமாகிவிட்டது. என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். ஆனாலும் அந்த ஜன்னலைப் பார்க்காமல் எங்கள் தெருவில் யாரும் இருந்துவிட முடியாது. அது பாஸ்கல் அண்ணாச்சியின் வீட்டு ஜன்னல்தான். ஆனால் அவருடைய ஜன்னல் இல்லை. அவர் மனைவி அமலோற்பவம் அக்காவுடையது.

சாயங்காலம் நாலு மணிக்கு அது திறக்கும். திறந்ததும் தோணிக்காரர்களின் பெண்டாட்டிமார் ஒவ்வொருவராக வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை அக்கா வாசித்துச் சொல்வார். நல்ல சேதியை இரண்டு தரம் வாசிப்பார். கெட்ட சேதி என்றால் வாசிக்கும் முன்பே "ஏளா, உள்ள வந்து உக்காரு" என்று கூப்பிட்டுவிடுவார். கோயிலில் ஆறு மணிக்கு மணி அடித்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவார். சாத்திய ஜன்னலை எங்கள் தெருவில் யாரும் தட்டியதில்லை. எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதெல்லாம் அவருடைய இஷ்டம். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் குடித்தனம் நடத்துகிற அந்த வீட்டில், அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர்தான் அதிகாரி.

பழைய காலத்து ஜன்னல் அது. இரண்டு கதவுகளும் உள்பக்கமாகத் திறக்கும். நடுவில் ஒரு பித்தளைக் குமிழ். அதைத் திருகினால் மேலே ஒரு கம்பியும் கீழே ஒரு கம்பியும் சட்டத்தின் துளைகளை விட்டு விலகும். திருகுவதற்கு விரல்களில் பிடி வேண்டும். போன மழைக்காலத்தில் அமலோற்பவம் அக்காவுக்கு விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தைக் கையில் வாங்காமல் "அங்கன வை" என்று ஜன்னல் கட்டையில் வைக்கச் சொல்லி, காற்றில் பறக்காமலிருக்க முழங்கையை ஊன்றிக்கொண்டு வாசித்தார். சமையலையும் உள்ளங்கையால் தள்ளியும் மணிக்கட்டால் அணைத்தும் எப்படியோ சமாளித்திருக்கிறார். குமிழ்தான் அவருக்கு மசியவில்லை.

மாசியில் ஒருநாள் நாலு மணிக்கு ஜன்னல் திறக்கவில்லை. உள்ளே குமிழ் கடகடவென்று ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்தரைக்குப் பாஸ்கல் அண்ணாச்சி வந்த பிறகுதான் திறந்தது. "அசந்து தூங்கிட்டேன்" என்றார் அக்கா. மறுநாளும் தூங்கிவிட்டார். அதற்கு மறுநாள் மரியசெல்வி, பாவம், கணவன் கொழும்புத் தோணியில் போயிருக்கிற சின்னப் பெண், "நான் உள்ள வந்து திறந்து விடட்டாக்கா?" என்று வெளியே நின்று கேட்டுவிட்டாள். "ஏன், எனக்கென்ன கேடு?" என்று உள்ளேயிருந்து வந்த பதில் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்படி வரைக்கும் கேட்டது.

பாஸ்கல் அண்ணாச்சி முதலில் எல்லாக் கணவன்மாரும் செய்வதைத்தான் செய்தார். காலையில் வேலைக்குப் போகும்போதே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்கா அவரிடம் சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில்தான் கேட்டார். குறுகலான தெரு என்பதால் எனக்கும் கேட்டது. "ஜன்னலத் திறந்து போட்டுட்டுப் போயிட்டிய. வீட்ல ஆள் இல்லன்னு நெனச்சியளா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பித்தளைக் குமிழ் உடைந்துபோயிருந்தது. "உப்புக்காத்து தின்னுட்டு தம்பி" என்று அண்ணாச்சி தெரு முழுவதும் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் உப்புக்காற்றின் தலையில் கட்டிவிடலாம். யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. மில் ஸ்டோரில் நல்ல இறுக்கமான குமிழ் ஒன்று இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று வேறு கேட்டேன். இரண்டு 'ம்' பதிலாகக் கிடைத்தது.

அந்த வாரம் ஆணி வாங்க சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் இரும்புக்கடைக்குப் போனபோது, பாஸ்கல் அண்ணாச்சி அளவுக்காகக் கொடுத்துவிட்டுப் போன உடைந்த குமிழ் மேசைமேல் கிடந்தது.

"ஒங்க எதிர்வீட்டுக்காரரு குடுத்தது. இதப் பாருங்க தம்பி" என்று எடுத்துக் காட்டினார் கடைக்காரர். "உப்பு தின்னா பொருபொருன்னு உதிரும். இது வாள் வச்ச வெட்டு. முக்காவாசி அறுத்துட்டு மீதிய ஒடிச்சிருக்காரு."

"எதுக்கு அண்ணாச்சி அப்படிச் செய்யணும்?"

"அத நான் எப்படிக் கேக்க? வாள் பிளேடே நம்ம கடையிலதான வாங்குனாரு."

என் வாய் சும்மா இருக்காது. மறு ஞாயிறு ஜன்னல் கம்பியருகே போய் நின்று, "அண்ணாச்சி, அந்தக் குமிழ்ல வாள் வச்ச மாதிரி…" என்று ஆரம்பித்தேன். பாஸ்கல் அண்ணாச்சி வாயிலிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். குசினிப் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை. பிறகு தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார்: "உப்புக்காத்து, தம்பி!" அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது. உன்னால் முடியவில்லை என்ற சொல் அந்த வீட்டில் உச்சரிக்கப்படாமலேயே அக்காவுக்குத் தோதான ஒரு கைப்பிடி வந்தாக வேண்டும். அதற்காக நல்ல பித்தளையை அறுத்த மனிதர் முன்னால் நான் வெட்கப்பட்டு நின்றேன்.

முதல் கைப்பிடி, வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல இரண்டு பக்கமும் விரிந்தது. இரண்டு நாள் ஜன்னல் திறக்கவில்லை. "போலிச் சரக்கு" என்று அண்ணாச்சி கழற்றிவிட்டார். இரண்டாவது, ஒரு சாண் நீள இரும்புப் பிடி. அதன் சதுரத் துளை பெரிதாக இருந்ததால் சிகரெட் தகரத்தை மடித்துச் செருகினார். ஒருநாள் திறந்தது, மறுநாள் வழுக்கிச் சுற்றியது. மூன்றாவது, உடைத்த கப்பலிலிருந்து வந்த கனமான பித்தளை. செவ்வாயும் புதனும் அக்கா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கித் திறந்துவிட்டார். வியாழக்கிழமை ஜன்னல் சாத்தியே இருந்தது. அண்ணாச்சி ஒருநாளும் "திறக்க முடியுதா?" என்று கேட்டதில்லை. சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போது சைக்கிளை மெதுவாக்கி ஜன்னலைப் பார்ப்பார். அவருக்கு அது போதும்.

"ஞாயித்துக்கிழம ஆனாப் போதும், அந்த ஜன்னலப் போட்டுக் கொல்லுதாவ" என்று அக்கா என் மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார்.

மூன்றாவதும் தோற்ற அந்த வாரம் என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சர்பத் போட ஐஸ் வாங்க பாக்டரிக்குப் போயிருந்தேன். குளிரறைக் கதவுக்கு நீளமான இரும்புப் பிடி ஒன்று கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி இரண்டு கையிலும் இறால் தட்டை ஏந்தியபடி வந்து, முழங்கையால் அந்தப் பிடியை ஒரு அமுக்கு அமுக்கினார். கதவு திறந்தது. உள்ளே போகவேண்டிய மனிதர் போகாமல், தட்டோடு அங்கேயே நின்று தன் முழங்கையைப் பார்த்தார். அது அன்றைக்குத்தான் கடையில் வாங்கி வந்த முழங்கையோ என்று எனக்குத் தோன்றியது.

"அடச்சே" என்றார். "கை வெறச்சுப் போகும்னுதான தம்பி இதுக்கு நீளமா வச்சிருக்கு! நெதம் நூறு தடவ திறக்கேன், மண்டையில ஏறலையே."

நாலாவது கைப்பிடி அப்படி வந்தது. மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கழித்துப் போட்ட இரும்புக் கம்பியை வளைத்து, அரம் போட்டு, சைக்கிள் டியூபை மேலே சுற்றி அவரே செய்தார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பொருத்தி, மேல்கம்பி கீழ்க்கம்பி இரண்டுக்கும் மெழுகு தேய்த்த பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. சரியா இருக்கான்னு பாரு. என் கையெல்லாம் மெழுகு, பிடிச்சா வழுக்குது." சொல்லிக்கொண்டே முழங்கையால் பிடியை அமுக்கினார். கம்பிகள் சத்தமில்லாமல் விலகின. முன்கையை வளைத்துக் கதவை இழுத்துத் திறந்தார். திரும்பச் சாத்தி, முன்கையால் பிடியை மேலே தூக்கிப் பூட்டினார். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. ஐந்து தடவையும் "கையெல்லாம் மெழுகு" என்றார்.

அக்கா சேலைத் தலைப்புக்குள் கைகளை வைத்துக்கொண்டு பார்த்தார். "கப்பல் சுக்கானக் கொண்டு வந்து ஜன்னல்ல வச்ச மாதிரி அசிங்கமா இருக்கு" என்றார்.

"அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போவுது. உப்பு திங்காது."

திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் வீட்டு வாசலில் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். ஒரு வரி படித்திருந்தால் கேளுங்கள். மரியசெல்வி சனிக்கிழமை வந்த கடிதத்தைப் பிரிக்காமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் நின்றாள். வேறு யாரிடமாவது கொடுத்து வாசித்திருக்கலாம். அவள் கொடுக்கவில்லை. நாலு மணி தாண்டி ஐந்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே எதுவோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது. பிறகு கதவு உள்ளே போயிற்று. அமலோற்பவம் அக்காவின் முழங்கை இன்னும் பிடியின் மேலேயே இருந்தது. முகம் வியர்த்திருந்தது.

"கையெல்லாம் மாவா இருக்குளா" என்றார். "கடுதாசிய நீயே பிரிச்சு இங்கன வை."

அவர் கையில் ஒரு துளி மாவு இல்லை. மரியசெல்வி அந்தக் கைகளைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்து கடிதத்தைப் பிரித்தாள். நல்ல சேதிதான் போலிருக்கிறது. அக்கா இரண்டு தரம் வாசித்தார்.

ஐந்தரைக்கு அண்ணாச்சி வந்தார். ஜன்னலைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். வீட்டுக்குள் போகவில்லை. சைக்கிளை என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்; மூன்று 'ம்' கேட்டது, வாயில் திருகாணி இல்லாமலேயே.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. பெண்கள் கலைந்து போனார்கள். ஜன்னல் கதவுகள் இரண்டும் வந்து சேர்ந்தன. பிடி தூக்கும் சத்தம் கேட்டது. கம்பி துளையில் விழாமல் கதவுகள் மறுபடி விலகிக்கொண்டன. திரும்பவும் சேர்ந்தன. திரும்பவும் விலகின. இடைவெளியில் அக்காவின் தோள் தெரிந்தது, மறைந்தது. ஒரு எட்டு எடுத்து வைத்து, கம்பி வழியாகக் கையை விட்டுக் கதவை இழுத்துப் பிடித்தால் முடிகிற வேலை. இருபத்தேழு வருஷப் பிட்டர் என் பக்கத்தில்தான் நிற்கிறார். திரும்பிப் பார்த்தேன். கதவுகள் மூன்றாம் முறை சேர்ந்து, 'டக்'கென்று கம்பி விழும் சத்தம் கேட்கும் வரைக்கும், பாஸ்கல் அண்ணாச்சி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றொன்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.