போல்ட்டின் மேல் ஒரு நாற்காலி

வெறுங்காலில் இடறும் இரும்புக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி ஒன்று ஓடியது. அப்பாவின் வைத்தியத்துக்காக அதை விற்றபோது, தறியைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகளை அறுத்தார்கள். ஒன்று மட்டும் அறுபடாமல் அரைவிரல் உயரத்துக்கு நின்றுவிட்டது.

தறி போனது தெரிந்துதான் அக்காவுக்கு வந்த முதல் சம்பந்தம் கலைந்தது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அடுத்த மாப்பிள்ளை வீட்டார் கேட்டனுப்பியபோது, தறி வேறு கொட்டகையில் ‘ஓடுது’ என்றும், எங்களுக்குத் தனியாகச் ‘சாப்பாட்டு ரூம்’ இருக்கிறதென்றும் அம்மா தரகரிடம் சொல்லிவிட்டாள். பின்கட்டுதான் அந்த ரூம். "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கா" என்று அப்பா படுத்தபடியே முனகினார்.

ஜன்னலுக்குப் பேண்டேஜ் துணியையே நான்காக மடித்து, நீலம் முக்கித் தொங்கவிட்டாள். மேசை நாற்காலி வாடகைக்கு வந்தன. போல்ட்டை மறைக்க விரிப்பு வாங்கப் போன கடையில், முந்தானையில் முடிந்து வந்த இரும்பு நட்டை ஒவ்வொரு கம்பளத்துக்கும் அடியில் வைத்து, மேலே ஏறி நின்று பார்த்தாள். காலில் உறுத்தினால் வேண்டாம். "விரிப்பு நடக்கதுக்கு, அக்கா; தவம் பண்ணுததுக்கு இல்ல" என்றார் கடைக்காரர். கடைசியில் தடித்த சிவப்புக் கம்பளம் ஒன்று தேறியது.

ஆனாலும் போல்ட்டு லேசாகப் புடைத்தது. அதன்மேல் ஒரு நாற்காலியைப் போட்டு, ஓரிடத்தில் நிற்காத என்னை அதில் உட்காரவைத்து, "ஏலே, எந்திரிச்ச, தோல உரிச்சிருவேன்" என்றாள்.

சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா, அக்காவைப் பார்த்துப் பேசிவிட்டு எல்லோரோடும் பின்கட்டுக்கு வந்தார். வந்தவர் நேராக என் நாற்காலியைப் பிடித்தார். நான் அசையவில்லை.

"என்ன மதினி, பெரியவிய வந்தா எந்திரிக்கணும்னு பிள்ளைக்குச் சொல்லித் தரலையோ?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அக்காதான் என் தோளைத் தொட்டு எழுப்பி, நாற்காலியை நகர்த்தி, கம்பளத்தின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"தறி நின்ன எடம் இது, அத்தை. வித்தாச்சு. வேற கொட்டகையும் கெடையாது."

அந்த அம்மாள் குனிந்து போல்ட்டைப் பார்த்தார். பிறகு கம்பளத்தைத் தானே இழுத்து மூடி, அதே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சோத்தப் போடு தாயி."

அம்மா அழுதுகொண்டே இலை போட்டாள்.

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்ட நான், திருப்பூர், சூரத் என்று எங்கெங்கோ வேலை பார்த்து, வேலை இல்லாத நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்கு வருகிறேன். அந்த அம்மாள் இப்போது இல்லை. எங்கள் வீட்டை வாங்கியவர்கள் இடித்துக் கட்டிவிட்டார்கள். வீடு விற்கும்வரை போல்ட்டின் மேலேயே கிடந்த கம்பளம் மட்டும் இப்போது அக்காவின் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கிறது. போல்ட்டு தேய்த்த இடத்தில் ஓர் ஓட்டை. சாப்பிடும்போது என் பெருவிரல் அதைத் தேடிப் போகும். அடியில் வழுவழுவென்று டைல்ஸ்தான்.