அப்பா கேட்ட இருட்டு

டிசம்பர் பிறந்தால் அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி காகித நட்சத்திரம் தொங்கும். உள்ளே பல்பு விடிய விடிய எரியும். அதை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கிய ஒரே கத்தோலிக்கர் என் அப்பாதான். விளம்பர மேலாளர் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு.

தெற்கே ஏரிக்கு மேலே, கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் ஒரு கேலக்ஸி இருக்கிறதாம். நடுவில் தடி போல ஒரு பட்டை, அதன் இரு முனையிலிருந்தும் சுருண்டு கிளம்பும் கைகள். பழைய டெலஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி அதைப் படம் பிடிக்கப் பார்த்து, இரண்டு டிசம்பராக அப்பா தெரு வெளிச்சத்திடம் தோற்றிருந்தார். இந்த அமாவாசையை விட்டால் அடுத்த வருஷம்தான். நானோ, வானத்தில் ராட்டினமே சுற்றப்போகிறது என்கிற அளவுக்கு ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தேன்.

மனிதர்கள் நல்லவர்கள். தெருவே இருண்டது. பிறகு அந்தத் தெருவே எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வந்தது.

லேப்டாப்பில் முதல் படம் விழுந்தது. சட்டையில் சிந்திய மோர்க்கறை போல, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. நூறு படங்களையாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் பட்டையும் கைகளும் தெளியும், கொஞ்சம் பொறுங்கள் என்று அப்பா விளக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாமா குனிந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இதுக்கா எங்கூட்டு ஸ்டார அணைக்க சொன்ன?"

எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. காது சுட்டது. தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, சிரிக்கவைப்பது.

"அப்பா லென்ஸ்ல தும்மிட்டாரு மாமா, அதான் அப்டி கீது."

மாடியே அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கூட்டம் கலைந்தது. கேட்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, ஒவ்வொரு மாடியாக நட்சத்திரங்கள் எரிய ஆரம்பித்தன.

அப்பா மட்டும் மீதிப் படங்களையாவது எடுக்கலாமென்று மேலே கேமராவோடு நின்றார். அவர் தலைக்கு மேல் தொங்கிய எங்கள் நட்சத்திரத்துக்கு சுவிட்ச் கீழே கூடத்தில். அம்மா அதைப் போடவில்லை. தெருவிலேயே எங்கள் வீடு மட்டும் இருட்டு. அதைவிடக் கேவலம் உண்டா? அவள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, குடும்ப மானத்தைக் காப்பாற்ற நானே போட்டேன்.

சற்று நேரத்தில் அப்பா டெலஸ்கோப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி வந்தார். போகிற போக்கில் கூடத்து சுவிட்சைப் பார்த்தார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். ஊரே சிரிக்கும்படி செய்துவிட்ட அப்பாமேல் அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.