ஈயப் பெட்டியில் ஏறிய எண்

பிரம்மநாயகத்துக்குச் சேறு அள்ளுவதுதான் வேலை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து பம்பாய்த் தாராவிக்கு வந்து, சில வருஷம் தோல் கிட்டங்கியில் மூட்டை தூக்கி, பிறகு செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மாஹிம் கழிமுகத்தில் தண்ணீர் வடிந்த நேரம் முழங்கால்வரை இறங்கி அடிச்சேற்றை அள்ளி வருவார். ஜுஹு கரையிலிருந்து மணலும் கொண்டுவருவார். எல்லாவற்றையும் காயவைத்துச் சலித்து, டப்பாக்களில் அடைத்து, ஒரு மாதம் கழித்து ஈயப் பெட்டிக்குள் வைப்பார்கள். எந்த மண்ணிலும் பூமி உண்டான நாளிலிருந்தே கொஞ்சம் கதிரியக்கம் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கருவி அதை எண்ணிச் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்து எழுதுவது ஷ்யாமளாவின் பொறுப்பு. மாதுங்காக்காரர், அதிகம் பேசாதவர்.

மண்ணை வைப்பதற்கு முன்பு காலிப் பெட்டியை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது வழக்கம். 1986 ஜூன் மாதம், மழை பிடித்த சமயத்தில், காலிப் பெட்டியின் எண் ஏறத் தொடங்கியது.

சோவியத் யூனியனில் அணு உலை வெடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. கூடத்தில் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். பெட்டியைக் கழுவினார்கள், எண் இறங்கியது. அடுத்த வாரம் மறுபடி ஏறியது.

"அங்கேர்ந்து காத்துல வந்ததுன்னா மழைத் தண்ணியிலயும் தெரியணும், தெரியலை" என்றார் ஷ்யாமளா. "இது தோரியம். நம்ம தெற்குக் கடற்கரை மணல்ல இருக்கறது. பெட்டியை யார் துடைக்கறா?"

"நாந்தான் மேடம் தெனமும் தொடைக்கேன்."

ஷ்யாமளா கதிரியக்கத்தைக் காட்டும் கை மீட்டரை எடுத்து அலமாரி, தொட்டி, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். அது எப்போதாவது ஒரு முறை 'டிக்' என்றது. கதவோரம் நின்றிருந்த பிரம்மநாயகத்தைக் கடக்கும்போது சத்தம் நெருங்கி வந்தது. ஷ்யாமளா நின்றார். மீட்டரை மெல்ல அவர் தோளில் கிடந்த துண்டுக்கு அருகே கொண்டுபோனார்.

"அந்தத் துண்டைக் குடுங்கோ."

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, துண்டின் மடிப்பில் கறுப்பு மணல் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. ஊடே தேன் நிறத்தில் சில மணிகள், தோரியம் உள்ளவை.

"இது எந்தக் கரை சாம்பிள்?"

"சாம்பிள் இல்ல மேடம், வீட்டுத் துண்டு. தொடைக்கிற துணி தீந்துட்டுன்னு இதுல தொடைச்சேன்." பிரம்மநாயகம் துண்டின் மடிப்பைப் பார்த்தார். "இதுலதான் பிள்ளையத் தரையில படுக்கப் போடுவோம்."

தரை என்று சொன்னதுமே அவருக்கு விளங்கிவிட்டது. போன வருஷ மழைக்குப் பிறகு வீட்டுத் தரை அமுங்கிவிட்டது. மனைவி முருகம்மாளின் தம்பி இசக்கிப்பாண்டி விக்ரோலியில் லாரி ஓட்டுகிறவன். வார்ப்புப் பட்டறைக்கென்று தெற்கேயிருந்து வந்த கடல் மணலில் மிஞ்சிய மூட்டைகளை அவன் கொண்டுவந்து தந்தான். அதைக் கொட்டி, மேலே மெல்லிசாகச் சிமெண்டு பூசிக்கொண்டார்கள். இந்த வருஷம் பூச்சு பெயர்ந்து மணல் மேலே வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே ஷ்யாமளாவும் அவரும் மீட்டரோடு தாராவிக்குப் போனார்கள். வாசலைத் தாண்டியதும் மீட்டர் மழை விழுவதுபோல் சடசடத்தது. முருகம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் பிள்ளை, பேச்சி.

"தரையில பாம்பா கெடக்கு, இப்படிக் குனிஞ்சு தேடுதிய?" என்றாள்.

தொட்டிலுக்குக் கீழே சத்தம் எல்லாவற்றிலும் அதிகமாக இருந்தது. அந்த மூலைதான் நன்றாக அமுங்கியிருந்தது. அங்கேதான் மணலை நிறையக் கொட்டியிருந்தார்கள்.

கணவர் விவரம் சொன்னதும் முருகம்மாள் ஷ்யாமளாவிடம் திரும்பினாள். "பிள்ளைக்கு என்னமும் செய்யுமா?"

"இப்போ ஒண்ணும் பண்ணாது. பின்னால பண்ணும்னும் சொல்ல முடியாது, பண்ணாதுன்னும் சொல்ல முடியாது. எடுத்துடறதுதான் நல்லது."

"பாம்புன்னு சொல்லியிருந்தாலாவது அடிச்சுப் போட்டிருப்பேன்" என்றாள் முருகம்மாள்.

அவளும் பிள்ளையும் தம்பி வீட்டுக்குப் போனார்கள். பிரம்மநாயகமும் இசக்கிப்பாண்டியும் வாயில் ஈரத்துணி கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தரையை உடைத்தார்கள். மணலைச் சாக்குகளில் கட்டிச் சந்து முனையில் அடுக்கினார்கள். கூடத்து வண்டி வந்து எடுத்துப்போகும் என்று ஷ்யாமளா சொல்லியிருந்தார். வண்டி வரவில்லை. அதிகாரியின் கையெழுத்து இல்லையென்றார்கள். மறுநாள் பிரம்மநாயகமே செம்பூருக்குப் போய் நின்று கேட்டு, வண்டியோடு திரும்பினார். அதற்குள் பெருமழை கொட்டி, சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சந்து முனையில் ஒரு சாக்குகூட இல்லை.

எதிர்வீட்டு சுலைகாவிடம் கேட்டார்.

"தண்ணி உள்ள வருதுல்லா அண்ணே. ஆளுக்கு ரெண்டு மூட்டை தூக்கிட்டுப் போனாங்க. நானும் எடுத்து வாசல்ல நெரவிட்டேன்."

"அது கெட்ட மண்ணும்மா. வெட்டி எடுத்துரு."

"மண்ணுல என்ன நல்லது கெட்டது? நீங்க இம்புட்டு நாளும் அதுமேலதானே படுத்தீங்க?"

அவர் வெறும் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

தண்ணீர் வடிந்த பிறகு அவரும் ஷ்யாமளாவும் மீட்டரோடு வீடு வீடாகப் போனார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் தரையைத் தோண்டவிட்டார்கள். அதற்குள் சந்தில் ஒரு பேச்சு பரவிவிட்டது: குடிசைகளை இடிக்க அளவெடுக்கிறார்கள், அதற்குத்தான் இந்தக் கருவி. குடிசைகளை மாற்றிக் கட்டும் திட்டம் வந்திருந்த அந்த வருஷம் தாராவியில் யார் எதை அளந்தாலும் ஜனங்கள் அப்படித்தான் எண்ணினார்கள். மீட்டரைக் கண்டாலே கதவுகள் சாத்தப்பட்டன. சுலைகாவும் சாத்திக்கொண்டாள். மீதிச் சாக்குகள் எந்தெந்தத் தரைக்குள் போயினவென்று கடைசிவரை தெரியவில்லை.

பிரம்மநாயகம் குடும்பத்தோடு தேவ்நாருக்கு மாறினார். பேச்சி நடந்தாள், பேசினாள், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தாள். சேறு அள்ளும் வேலையும் தொடர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து, சுலைகாவின் கடைசிப் பையனுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்திருப்பதாக இசக்கிப்பாண்டி வந்து சொன்னான். பிரம்மநாயகம் அதை ஷ்யாமளாவிடம் சொன்னார். ஷ்யாமளா பேனாவை மூடிவைத்தார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்லை" என்றார். "காசநோய்க்கும் கட்டி வரும். எதுக்கு வேணும்னாலும் வரும்."

"சரி மேடம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேச்சியை மடியில் இருத்தி, அவளுடைய கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். கூச்சத்தில் அவள் நெளிந்து சிரித்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. முருகம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அவர் தடவிப் பார்த்தார்.