ஜட்ஜம்மா படித்த காதல் நாவல்கள்

தையல் கடையில் ரவிக்கைக்கு ஹூக் தைக்கும் அவளுக்கு வாடகை நூலகக்காரர் வைத்த பட்டப்பெயர் ஜட்ஜம்மா. கிளுகிளுப்பான காதல் நாவல்களாகவே பொறுக்கி எடுத்துப் போவாள். திருப்பித் தரும்போது தீர்ப்பும் சொல்லுவாள்.

“அவளை அலாக்காத் தூக்கிட்டு மாடி ஏறுறானாம், மூச்சே வாங்கலியாம். ஒரே இழுப்புல அத்தனை ஹூக்கும் தெறிக்குதாம். தைக்கிறவளுக்குத் தெரியாதா? சுத்தப் புளுகு!” என்பாள். கை மட்டும் அடுத்த நாவலைத் தேடும்.

ஒருநாள் தலையணை உறைக்குள் வைத்திருந்த புத்தகம் கணவர் கையில் சிக்கியது. அவர் பேருந்து ஓட்டுநர், வாயில்லாப் பூச்சி. விடுமுறை நாள் என்பதால் முழுவதையும் படித்து முடித்தார். மாலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நேரே வந்து அவளைத் தூக்கினார்.

“ஐயோ, விடுங்க!” என்று அவள் கத்துவதற்குள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இறக்கிவிடவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. எப்படியோ இருவருமாகக் கட்டிலில் சரிந்தார்கள்.

அவள் தைலம் தேய்த்தாள். “அதுல இருக்கிறதெல்லாம் புளுகுங்க.”

“தெரிஞ்சே ஏன் படிக்கிற?” என்றார், சுவரைப் பார்த்தபடி. “எங்கிட்ட ஏதாவது குறையா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தன்னைத் தூக்கியது இதுதான் முதல் தடவை என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

“ரொம்ப வலிக்குதா?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

“வலிக்குது” என்றார் அவர்.