மூன்று ஆன்டிவைரஸும் ஒரு நாமினல் ரோலும்

கம்பத்தில் நான் கிளார்க்காக இருந்த பள்ளிக்கூடத்தின் ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதற்குள் மூன்று ஆன்டிவைரஸ். முதலாவது, வாங்கும்போதே கூட வந்தது. காலாவதியாகி ஒரு வருஷம் ஆகியும் திரையின் வலது மூலையில் எட்டிப் பார்த்து ‘என்னைப் புதுப்பி’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவதைப் போட்டவர் பள்ளித் தாளாளரின் அக்கா மகன். தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார், எங்கள் கம்ப்யூட்டரைச் சர்வீஸ் பார்ப்பதும் அவர்தான். பழைய பதிப்பை எடுக்காமல் அதன் மேலேயே புதுப் பதிப்பையும் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆக அது ஒன்றே இரண்டு. மூன்றாவது, இயற்பியல் வாத்தியார் ஒரு பத்திரிகையோடு வந்த இலவச சிடியிலிருந்து போட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒன்று இருந்தால் நல்லது, மூன்று இருந்தால் மூன்று மடங்கு நல்லது என்று நினைத்தார்கள்.

காலையில் பட்டனை அமுக்கிவிட்டு, பிரேயர் முடிந்து, வருகைப் பதிவேடுகளை எல்லா வகுப்புக்கும் அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் திரையில் படம் வந்திருக்கும். மவுசை நகர்த்தினால் அம்பு ஒரு நிமிஷம் கழித்து நகரும். நான் பொறுத்துக்கொண்டேன். நாமினல் ரோல் வேலை வரும்வரை பொறுத்துக்கொண்டேன்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத்தான் நாமினல் ரோல் என்போம். அதில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மார்க் ஷீட்டில் பெயரும் பிறந்த தேதியும் வரும். என்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் பெயரில் ஓர் எழுத்து இல்லை. அதைத் திருத்த என் அத்தா, அதாவது என் தகப்பனார், மதுரைக்கும் சென்னைக்கும் நடந்த நடை எனக்குத் தெரியும். கடைசிவரை அது திருந்தவில்லை. அதனால் அந்த வருஷம் நானாக ஒரு வேலை செய்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக உட்கார வைத்து, பெயரை எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கினேன். சில பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியே சரியாகத் தெரியவில்லை. அவர்களைப் பெற்றவர்கள் கூடலூரிலிருந்து விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். சாயங்காலம் ஜீப் திரும்புகிற நேரத்துக்குக் கூடலூரில் போய் நின்று, இறங்குகிற அம்மாக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு அம்மா தலைச்சுமையை இறக்காமலே யோசித்து, “பெரிய மழை பேஞ்ச வருசம், கார்த்திகைல மூணா நாளு” என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருக்கிறது என்று மறுநாள் கொடுத்தும் அனுப்பினார். அதையெல்லாம் கல்வி அலுவலகம் கொடுத்த ப்ரோகிராமில் நானே ஏற்றினேன். சிடியில் பதிந்து உத்தமபாளையத்தில் இருந்த அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

திங்கட்கிழமை அந்த ப்ரோகிராம் திறக்கவில்லை. திரையில் அதன் படத்தைத் தட்டினால், வைரஸ் பிடித்துவிட்டேன் என்று ஒரு ஆன்டிவைரஸ் சொன்னது. அதை நான்தான் பிடித்தேன் என்று இன்னொன்று சொன்னது. பிறகு திரை அப்படியே உறைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை தேனியிலிருந்து அந்தக் கடைக்காரர் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து கால்மணி நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் பேசாமல், உள்ளறையில் இருந்த தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார்.

“ஃபுல்லா வைரஸ் சார். ஃபார்மேட் அடிக்கிறதத் தவிர வேற வழியில்ல.”

“பிள்ளைங்க லிஸ்ட்டு?” என்று நான் கேட்டேன்.

“எல்லாம் போயிரும். போன வருச லெவன்த் லிஸ்ட் பிரிண்ட்ல இருக்கும்ல. அதப் பாத்து அடிச்சுக் குடுத்துருங்க.”

“அதுல பாதிப் பேரு தப்பு.”

“தப்புன்னா பெறகு திருத்திக்கிறலாம்.”

பிறகு திருத்துவதைப் பற்றி அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. “ஃபார்மேட் பண்ண வேணாம் சார்” என்றேன். “ஒண்ணுக்கு மூணு ஆன்டிவைரஸ் இருக்கு. ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்குது. அத எடுத்தாப் போதும்னு தோணுது.”

கடைக்காரர் தலைமையாசிரியரைப் பார்த்துச் சிரித்தார். “சார், ஒங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிறவுக டைப் அடிக்கட்டும். மிஷின நாங்க பாத்துக்கிறோம்” என்றார். மறுநாளைக்கு மறுநாள் வந்து ஃபார்மேட் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை காலை என்று அர்த்தம். எனக்கு ஒரு பகலும் ஒரு சாயங்காலமும் இருந்தது.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். ஆனால் தாளாளர் குடும்பம் என்றால் அவருக்குக் குரல் இறங்கிவிடும். “ஏம்மா, நமக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு? நீ கை வச்சு மிஷின் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

“வாயால சொன்னா ஆச்சா?”

ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். கம்ப்யூட்டரைச் சரிசெய்ய நானே முன்வருகிறேன், என்ன ஆனாலும் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, மூன்று ஆன்டிவைரஸின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினேன். எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தவரை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் உள்ள ப்ரோகிராம்களின் பட்டியலில் போய் முறையாக நீக்கு. ஒன்றை நீக்கியதும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடு, பிறகு அடுத்தது. ஃபோல்டரைப் பிடித்துக் கையால் அழிக்காதே, வேர் உள்ளே நின்றுவிடும். முறையாகப் போகாவிட்டால், செய்த கம்பெனியே கொடுக்கிற நீக்கும் ப்ரோகிராமை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானது மட்டும் ஓடுகிற நிலையில், வைத்து ஓட்டு. கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் புதிதாகப் போடு. அந்த நீக்கும் ப்ரோகிராமை சென்டர்க்காரரிடம் சொல்லி ஒரு சிடியில் பதிந்து வாங்கினேன். அவர் குமுளிக்காரர். மலையாளம் கலந்த தமிழில், “நிங்கள் சர்வீஸ் கடை தொறக்கப் போறதா?” என்று கேட்டார். “இல்ல, பேரு காப்பாத்தப் போறேன்” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

புதன்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே போய்விட்டேன். ஃபோன் ஒயரைப் பிடுங்கி இண்டர்நெட்டைத் துண்டித்தேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போது எஃப் எட்டு பட்டனைத் தட்டித் தட்டி சேஃப் மோடுக்குள் போனேன். கறுப்புத் திரை, பெரிய பெரிய எழுத்து. ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மவுஸ் அம்பு கையோடு நகர்ந்தது. முதல் வேலையாகப் பிள்ளைகளின் விவரம் இருந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் ‘எல்லாம் போயிரும்’ என்றது அந்த ஃபோல்டரைத்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. “அப்பறமென்ன, விடும்மா. நாளைக்கு அவக வந்து ஃபார்மேட் பண்ணிட்டுப் போகட்டும்.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே கம்ப்யூட்டரில் அத்தனை வருஷத்து டி.சி.யும், சாதிச் சான்று விவரமும், ஸ்காலர்ஷிப் பட்டியலும் இருந்தன. எல்லாம் என் கையால் ஏற்றியவை. அதையெல்லாம்விட, முடியாது என்று ஒருவர் என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போயிருந்தார். “இல்ல சார். முழுசா முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்” என்றேன்.

கம்ப்யூட்டரைச் சாதாரணமாகத் திரும்பப் போட்டு, பட்டியலில் போய் இயற்பியல் வாத்தியாருடையதை நீக்கினேன். அது ஏன் என்னை நீக்குகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனது. அணைத்துப் போட்டேன். காலாவதியானதை நீக்கினேன். அணைத்துப் போட்டேன். அதற்குள்ளேயே வேகம் கூடியது தெரிந்தது. மிச்சம் இருந்தது கடைக்காரர் போட்டதுதான், ஒரே பெயரில் இரண்டு வரி. பழைய பதிப்பைத் தட்டினால் ஏதோ ஃபைலைக் காணோம் என்றது. புதியதைத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்டது.

தேனிக்குப் போன் போட்டேன்.

“நீங்க எதுக்கு அத எடுக்கிறீக?” என்றார் கடைக்காரர்.

“எடுத்துட்டு அதையே மறுபடியும் சுத்தமாப் போடப்போறேன். பாஸ்வேர்டு சொல்லுங்க.”

“பாஸ்வேர்டெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்கிறதில்ல.”

“மிஷினு எங்களது சார்.”

“மாமாகிட்டப் பேசிக்கிறேன்” என்று வைத்துவிட்டார். மாமா என்றது தாளாளரை.

நானும் ரிசீவரை வைத்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த வேலையை நம்பித்தான் வீடு இருந்தது. ஆனாலும் சிடியைப் போட்டு, சேஃப் மோடுக்குப் போய், கம்பெனியின் நீக்கும் ப்ரோகிராமை ஓடவிட்டேன். அது பாஸ்வேர்டு கேட்கவில்லை. பச்சைக் கோடு பாதி தூரம் போனது. அப்போது கரண்டு போனது.

யு.பி.எஸ். பேட்டரி செத்துப் பல மாதம். அறை இருட்டி, மின்விசிறி நின்று, பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பெருக்க வந்த ஆயாம்மா வாசலிலேயே நின்று, “என்ன தாயி, போச்சா?” என்றார். “தெரியலக்கா” என்றேன். இரண்டு மணி நேரம் கரண்டு வரவில்லை. நான் எழுந்து சாப்பிடக்கூடப் போகவில்லை. வந்ததும் போட்டேன். நீலத்திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது. தலைமையாசிரியர் என் பின்னால் வந்து நின்றதை அவர் மூச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் எஃப் எட்டு. மறுபடியும் சேஃப் மோடு. அது திறந்தது. நீக்கும் ப்ரோகிராமை முதலிலிருந்து ஓட்டினேன். இந்தத் தடவை கோடு கடைசிவரை போனது.

திரும்பப் போட்டபோது இரண்டு நிமிஷத்துக்குள் திரை வந்தது. மூலையில் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. பட்டியலில் போய்ப் பார்த்தேன். ஒரு பெயரும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெயரில் கடைக்காரர் கொடுத்திருந்த அதே ஆன்டிவைரஸின் சிடியைப் பீரோவிலிருந்து எடுத்து, புதுப் பதிப்பை மட்டும் போட்டேன். ஆயாம்மாவுக்கு என்ன புரிந்ததோ, டீ வாங்கிக் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு நாமினல் ரோல் படத்தைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். வைரஸ் என்று சந்தேகப்பட்டு ஆன்டிவைரஸ் சிறை வைத்த ஃபைல்களை, அதை நீக்குவதற்கு முன்னாலேயே வெளியே விட வேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் படித்திருந்தேன். அந்த வரியை நான் எழுதவே இல்லை. ஆன்டிவைரஸ் போகும்போது சிறையோடு சேர்த்து ப்ரோகிராமும் போய்விட்டது. ப்ரோகிராம் வந்திருந்த சிடியும் பீரோவில் இல்லை.

தலைமையாசிரியரிடம் மறைக்கவில்லை. “ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். பிள்ளைங்க விவரம் பத்திரமா இருக்கு. ப்ரோகிராம் போச்சு. நாளைக்குக் காலையில வாங்கிட்டு வந்துருவேன்” என்றேன்.

“அவக நாளைக்குக் காலையில வந்துருவாகளே.”

“நான் வர்றவரைக்கும் மிஷின்ல கை வைக்க விடாதீக சார். அது ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்ங்க.”

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் உத்தமபாளையம் போனேன். அங்கே பெண்கள் பள்ளியில் என்னோடு டைப்ரைட்டிங் படித்த தோழி கிளார்க்காக இருந்தாள். கேட் திறக்கும்வரை காத்திருந்து, அவளிடம் இருந்த சிடியை வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்குள் திரும்பிவிட்டேன். ஆபீசுக்குள் போனால் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். என் நாற்காலியில் இல்லை, விருந்தாளி பெஞ்சில். என் நாற்காலியில் தலைமையாசிரியர் உட்கார்ந்து, வேலை எதுவும் இல்லாமல் மவுசைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய துணிச்சல் அதுவாகத்தான் இருக்கும்.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்க ப்ரோகிராமை ஏற்றினேன். இதைத் தொடாதே என்று ஆன்டிவைரஸின் பட்டியலில் அதைச் சேர்த்தேன். ஃபோல்டரை அதன் இடத்தில் வைத்துத் தட்டினேன். முதல் பக்கம் திறந்தது. பெயர்கள் வரிசையாக நின்றன. கீழே கடைசிவரை உருட்டிப் பார்த்தேன்.

“எப்புடி எடுத்தீக?” என்றார் கடைக்காரர். முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

“படிச்சு எடுத்தேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை சிடியை ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிப் பள்ளிச் சொத்தைக் கையாண்டதற்கு விளக்கமும் மன்னிப்பும் கேட்டு, தாளாளர் கையெழுத்தோடு. தலைமையாசிரியர் அதைக் கொடுக்கும்போது, “ரெண்டு வரி மன்னிப்பு எழுதிரும்மா, முடிஞ்சு போகும்” என்றார். நான் விளக்கம் மட்டும் எழுதினேன், ஒரு பக்கம். எந்தெந்த ஆன்டிவைரஸ் யார் யாரால் போடப்பட்டது, ஏன் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எந்த வரிசையில் எடுத்தேன், எங்கே தப்பு செய்தேன், அந்தத் தப்பை எப்படிச் சரிசெய்தேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை.

தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேட்டியும் கண்ணாடியுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, என் விளக்கத்தை என் முன்னாலேயே விரல் வைத்துப் படித்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போனாலும் எழுதியதை மாற்றுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

“இதுல எம் மருமகனக் கொற சொல்லியிருக்க.”

“நடந்ததச் சொல்லியிருக்கேங்கய்யா.”

“மன்னிப்புக் கேக்கலையே.”

“அந்த லிஸ்ட் போயிருந்தா கேட்டுருப்பேங்கய்யா.”

காகிதத்தில் இன்னொரு தடவை விரலை ஓட்டினார். பிறகு, “பாஸ்வேர்டு கேட்டதுக்குத் தரமாட்டேன்னானா?” என்றார். ஆமாம் என்றேன். காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். “போய் வேலையப் பாரு” என்றார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மெமோவை ரத்து செய்யவும் இல்லை. அது இன்றைக்கும் என் பணிப்பதிவேட்டில் இருக்கும். இருக்கட்டும்.

அடுத்த மாதம் அந்தக் கடைக்காரர் சர்வீஸுக்கு வந்தபோது, ஆன்டிவைரஸுக்குத் தான் வைத்த புதுப் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் வண்டி கேட்டைத் தாண்டிய உடனே நான் அதை மாற்றினேன்.